கடைசி ஆள் வந்து சேரும்வரை

இடது பக்கம் ஒரு பை வேண்டும், நெஞ்சிலிருந்து இடுப்புவரை நீளம், அகலம் இரண்டு விரல் போதும் என்று என் தங்கை சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். அப்படி ஒரு பையை இதுவரை யாருக்கும் வைத்ததில்லை. போன் நுழையாது. பேனாவைப் போட்டால் பாதாளத்துக்குப் போய்விடும்.

“இதுல என்னடி வைக்கப் போறீங்க, கரண்டியா?”

“எனக்கென்னக்கா தெரியும். வாத்தியார் சார் அளவு குடுத்தாரு, சொல்லிட்டேன். இந்த வருஷம் எந்தச் சண்டைய எடுத்தாலும் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டுத்தான் போகணுமாம். சங்கக் கூட்டத்துக்கு முன்னாடியே தெச்சு வெச்சுட்டா நல்லதுன்னாரு.”

ஆரஞ்சு நிறம். கையும் கிடையாது, பட்டனும் கிடையாது, தலைவழியே மாட்டிக்கொள்ள வேண்டிய சட்டை. துணிக்கட்டை என் வெட்டு மேஜையில் இறக்கிவிட்டு டிப்போவுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். அவள் பஸ் ஓட்டுகிறவள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சக்கரத்தோடுதான் பிழைப்பு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். “அவளுக்கு ஸ்டியரிங், உனக்கு மெஷின், எனக்கு நாற்காலி.” கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்காகிவிட்டது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“அக்கா, உன் சாக்கடைக்கு இந்தத் தடவை நான்தான் பேசுறேன். மறந்துடாதே. வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதே.”

“உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா” என்றேன். மனதாரச் சொன்னேன்.

எங்கள் சங்கத்துக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. தெருக்காரர்கள் என்பார்கள். தெருவிளக்கு எரியாததைக் கேட்க நானும் தங்கையும் இன்னும் நாலைந்து பேரும் என் தையல் அறையில் கூடியதுதான் தொடக்கம். பிறகு கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார், பேக்கரிக்காரர் வந்தார், மேட்டுத்தெரு வந்தது, மார்க்கெட் பக்கம் வந்தது. இப்போது நகரசபை ஆட்கள் எங்களைப் பார்த்தால் நாற்காலி போடுகிறார்கள். அதற்குக் காரணம் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரே ஒரு சண்டை. ஊரில் இருக்கிற எல்லாக் குறைக்கும் கத்தினால் எதுவும் காதில் ஏறாது, ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடியாகப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அந்த ஒன்று எது என்று முடிவு செய்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். தன் குறையைத் தானே பேசக் கூடாது. இன்னொருவர் எழுந்து பேச வேண்டும். அடுத்தவர் ஒருவர் மனதைக்கூடத் தொடாத குறையை ஊர் எப்படித் தூக்கிச் சுமக்கும் என்பது அதன் நியாயம். பேசி முடித்ததும் கை தூக்குவது கிடையாது. பேசியவர் ஒரு மூலையில் போய் நிற்பார், பிடித்தவர்கள் நடந்து போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த மூலையில் கூட்டம் அதிகமோ அதுதான் அந்த வருடத்துச் சண்டை.

மூன்றாவது ஒரு விதியும் இருந்தது. அது நான் கொண்டு வந்தது. தோற்ற மூலைக்காரர்கள் நடந்து வந்து ஜெயித்த மூலையில் சேர வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை எதுவும் முடிவாகாது. மனத்தாங்கலோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, வர மறுக்கிறவர் இருந்தால் அவர் வாயால் காரணத்தைக் கேட்டு, அவர் வரும்வரை பேச வேண்டும். ஒரு வருடம் பேக்கரிக்காரர் மார்க்கெட் கழிப்பறைக்காக முறுக்கிக்கொண்டு நின்றார். பொழுது சாயும்வரை அவரோடு மல்லுக்கட்டி, சிரிக்க வைத்து, கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தோம். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கும். அதாவது, இருந்தது.

சாக்கடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கீழ்த்தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஊர்க் கழிவெல்லாம் எங்கள் தெரு முனைக்கு வந்துதான் பம்பில் ஏறிப் போக வேண்டும். மழை வலுத்தால் பம்பு மூச்சை விட்டுவிடும். அப்புறம் போன தண்ணீர் வந்த வழியே திரும்பும். குளியலறை ஓட்டை வழியாக, கறுப்பாக, நுரைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். மற்றவர்கள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஓட முடியாதவர் ஒருவர் இருக்கிறார்.

போன மழையில் தண்ணீர் கட்டில் மெத்தையைத் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர், எல்லாரும் மீசை என்று கூப்பிடுவோம், அவரும் நானுமாக இவரைத் தூக்கி வெட்டு மேஜையில் கிடத்தினோம். வீட்டில் அதுதான் உயரமான இடம். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, தண்ணீரில் என்னென்னவோ மிதக்கிறது, இவர் மேஜையில் மல்லாந்து படுத்தபடி, “படுத்தாச்சு, அப்படியே அளவு எடுத்துடு” என்றார். நானும் சிரித்தேன். விடிந்து தண்ணீர் வடிந்த பிறகு குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் அவருக்கு முதுகில் புண் வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். இன்னொரு தடவை அந்தத் தண்ணீர் அவர் மேல் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

போன வருடமே இதை எடுத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாள் தங்கை வந்தாள். “பள்ளிக்கூட வாசல்ல வேகத்தடை விஷயம் வந்திருக்குக்கா. குழந்தைங்க சமாச்சாரம். இந்தத் தடவை விட்டுக் குடு. அடுத்த வருஷம் உங்க சாக்கடைதான். நானே எந்திரிச்சுப் பேசுறேன்.” நான் கீழ்த்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் வேகத்தடை மூலையில் நிறுத்தினேன். ஊதா வீட்டம்மா மட்டும், “அடுத்த வருஷம்னு ஒண்ணு வரும்னு யாரு கண்டா” என்று முணுமுணுத்தாள். என் தங்கை சொன்ன வார்த்தை, அதற்கு நான் பொறுப்பு என்று அவளிடம் சொன்னேன்.

கூட்டம் எப்போதும் மரச்சாமான் கடையின் மாடிக் கிடங்கில்தான். பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்கள் வரிசையாக இருக்கும், ஒன்றிலும் உட்காரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர் திறந்து விடுவார், எல்லாரும் சோபாக்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு தரையில் உட்காருவோம். தைத்து முடித்த சட்டைகளை மூட்டையாகக் கட்டி நானும் மீசையும் ஏற்றிக் கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் வீட்டில் பாக்கி இருந்தது.

இந்த வருடம் வாத்தியார் ஒரு பலகை வைத்திருந்தார். வெளியூரில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் பேச்சே மாறியிருந்தது. முன்பு “என்னம்மா பிரச்சினை” என்று கேட்பவர், இப்போது “நம்ம இலக்கு என்ன” என்கிறார். பலகையில் மூன்று கேள்விகள். இதில் ஜெயிக்க முடியுமா? நிறையப் பேருக்கு வலிக்கிற விஷயமா? ஜெயித்தால் நம்மோடு புதிதாக ஆட்கள் சேருவார்களா?

“எந்த மூலைக்குப் போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த மூணையும் மனசுல கேட்டுக்கங்க. பரிதாபத்துக்காகப் போய் நிக்க வேண்டாம்” என்றார் வாத்தியார்.

பரிதாபம் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொல்லும்போது அவர் கீழ்த்தெரு உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

முதலில் பேக்கரிக்காரர் எழுந்தார். நிறுத்தங்களில் நிற்காமல் ஓடும் பஸ்களைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பேச வராது. பாதியில் தன் கடைப் பையன்கள் வேலைக்குத் தாமதமாக வருவதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்து, வழி தெரியாமல் நின்று, உட்கார்ந்துவிட்டார். நான் மீசையைப் பார்த்துக் கண்ணால் சிரித்தேன். நம்முடையதுதான் என்று அவர் தலையாட்டினார்.

பிறகு என் தங்கை எழுந்தாள்.

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பம்பைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி, மழை இருட்டினாலே கீழ்த்தெருப் பெண்கள் குளியலறை ஓட்டையில் துணியும் கல்லும் அடைப்பதைப் பற்றிப் பேசினாள். கடைசியில் மாமாவைப் பற்றிச் சொன்னாள். “எங்க மாமாவ வெட்டுற மேஜையில தூக்கிப் போட்டாங்க. தண்ணி ஏறிக்கிட்டே வருது. அவரு எங்கக்காகிட்ட, அப்படியே அளவு எடுத்துடுன்னு சொன்னாரு.” மேட்டுத்தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த வார்த்தையை நான் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை நாலு பேர் முன்னால் எடுத்து வைத்தது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அவருக்காகத்தானே என்று விட்டுவிட்டேன்.

பேசி முடித்தாள். ஜன்னல் பக்கத்து மூலை எங்களுக்கு, படிக்கட்டுப் பக்கத்து மூலை பஸ்ஸுக்கு. நாங்கள் கீழ்த்தெருக்காரர்கள் எழுந்து ஜன்னல் பக்கம் போனோம். எங்களுக்கு முன்னால் அவள் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். அவள் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் நடந்து போய் பேக்கரிக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பேசியவர் தான் பேசிய பக்கத்தில் நிற்காமல் போனது எங்கள் சங்கத்தில் நடந்ததே இல்லை. கூடாது என்று விதி எதுவும் கிடையாது. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று யாருக்குத் தோன்றும்? கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். சொந்தத் தங்கையே அந்தப் பக்கம் போகிறாள் என்றால் அதில் ஏதோ நியாயம் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக நடந்தார்கள். ஜன்னல் பக்கம் கீழ்த்தெரு மட்டும் நின்றது.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. யாரோ ஒரு அவசரக்குடுக்கை என் மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை மாட்டிக்கொண்டான். சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். அதில் கட்டுக் கட்டாகச் சின்னக் கொடிகள், மெல்லிய குச்சியில் கட்டிய சிவப்புக் கொடிகள். ஒன்றை எடுத்துச் சட்டையின் இடது பக்கத்துப் பையில் செருகினான். குச்சி உள்ளே இறங்கி நின்றது. நெஞ்சிலிருந்து இடுப்புவரை நீளம், இரண்டு விரல் அகலம். உருவினான், நிற்காமல் ஓடும் பஸ்ஸை மறிப்பது போல ஆட்டினான், மறுபடி செருகினான். அளவு அவ்வளவு கச்சிதம். தைத்தவள் நானாயிற்றே.

வாத்தியார் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

“பை எதுக்குன்னு தெரியாதுன்னியேடி” என்றேன். ஜன்னல் பக்கத்திலிருந்து படிக்கட்டுப் பக்கம்வரை கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

அவள் மழுப்பவில்லை. அதற்காவது அவளைப் பாராட்ட வேண்டும்.

“தெரியும்க்கா.”

“எப்ப முடிவாச்சு?”

“துணி எடுக்கிறதுக்கு முன்னாடியே. என் வீட்டுல உக்காந்து பேசினோம். சார், பேக்கரி அண்ணன், நான்.” அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். “சாக்கடை நியாயம்தான். ஆனா அது ஒரு தெரு. குழாயையே மாத்தணும்னு நகரசபை கைய விரிச்சுடும். நாம தோத்துடுவோம்க்கா. ஒரு தடவை தோத்தா அப்புறம் நாற்காலி போட மாட்டாங்க. பஸ்ஸுன்னா ஊர் முழுக்க நம்ம பின்னாடி வரும். பலம் வந்தப்புறம் சாக்கடைய எடுக்கலாம்.”

“சரி. அந்த நியாயத்தை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. அப்புறம் எதுக்கு எங்களுக்காகப் பேசினே?”

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

“வேற யாராவது பேசித் தோத்தா கீழ்த்தெரு கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போயிடும்னாரு. நான் நல்லாப் பேசிட்டு நானே நடந்து வந்தா, நீங்களும் வந்துடுவீங்கன்னு… எனக்கும் சரின்னு பட்டுச்சு.”

அந்தப் பேச்சு, அந்தக் கண்ணீர், மேஜையில் கிடந்த என் புருஷன் சொன்ன வார்த்தை, எல்லாம் எங்களை அழாமல் கூட்டிக்கொண்டு போவதற்குக் கொடுத்த மிட்டாய். அதைவிட அசிங்கம், அவர்கள் கணக்கு தப்பவில்லை. மீசைதான் முதலில் அசைந்தார்.

“தனியா நின்னா நமக்குப் பஸ்ஸும் இல்ல, சாக்கடையும் இல்லம்மா” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். மற்றவர்களும் போனார்கள். ஊதா வீட்டம்மா கடைசியாகக் கிளம்பினாள். என் எதிரில் ஒரு நிமிடம் நின்றாள்.

“போன வருஷமும் நீதான் கூட்டிட்டுப் போய் நிறுத்தினே. இந்த வருஷம் நாங்களே போய்க்கிறோம். வழி பழகிடுச்சு.”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான் மட்டும் ஜன்னல் ஓரம் நின்றேன். போகக் கூடாது என்று அடம் பிடித்து நிற்கவில்லை. கேட்பார்கள் என்று நின்றேன். கடைசி ஆள் வந்து சேரும்வரை முடிவாகாது. பேக்கரிக்காரருக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தவர்கள் இவர்கள். யாராவது நடந்து வருவார்கள், ஏனம்மா வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்பார்கள், நான் சொல்வேன், மறுபடி பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வாயில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன். பஸ்ஸையே எடுங்கள், ஆனால் மழைக்கு முன்னால் அந்தப் பம்பை மட்டும் பழுது பார்க்கச் சொல்லி எல்லாரும் ஒரே ஒரு நாள் வாருங்கள் என்று கேட்க இருந்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர் சாவிக்கொத்தோடு படிக்கட்டில் நின்றிருந்தார்.

“ஒருத்தர்தானே. எல்லாரும் வந்தாச்சுன்னே வெச்சுக்கலாம்” என்றார் வாத்தியார்.

கை தட்டினார்கள். என் தங்கை தட்டவில்லை. ஆனால் ஒரு நிமிடம் இருங்கள் என்று அவள் சொல்லவும் இல்லை. மற்றவர்கள் சட்டைகளை மாட்டிக்கொண்டு, கொடிகளை உருவியும் செருகியும் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். கடைக்காரர் என்னிடம், “அம்மா, பூட்டணும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் நாற்காலியை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்து காத்திருந்தார்.

“நம்மளோடதுதானே?” என்றார்.

“இல்ல.”

“சின்னவ பேசலையா?”

“பேசினா. ரொம்ப நல்லாப் பேசினா.”

என் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியும். நாற்காலியைத் திருப்பி உள்ளே போனார், அன்று முழுவதும் ஒரு கேலிகூடப் பேசவில்லை. வெளியே காற்று மாறியிருந்தது. தெருவில் ஊதா வீட்டம்மா மொட்டை மாடித் துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள்.

மீதிச் சட்டைகளை மறுநாள் தைத்து முடித்தேன். தைக்காமல் கிழித்துப் போடலாம் என்று கை துறுதுறுத்தது. பைகளின் வாயை மூடித் தைத்துவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. செய்யவில்லை. கோபத்தில் தைத்த தையல் கோணிக்கொண்டு நிற்கும், அது எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் மடித்து மேஜையில் அடுக்கினேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். டிப்போ உடுப்பிலேயே வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள், உள்ளே வரவில்லை. முன்பெல்லாம் வாசலிலேயே “மாமா” என்று கத்திக்கொண்டு வருவாள்.

“அக்கா, திட்டணும்னா திட்டிடு. இப்படி இருக்காதே.”

“சட்டை ரெடி. எடுத்துக்க.”

“அதுக்கு வரலக்கா. அதுவும் வேணும், ஆனா…”

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணுகூட விடாதே. எனக்கு மேஜை காலியா வேணும்.”

“இப்ப என்ன அவசரம்? வேற ஆர்டர் வந்திருக்கா?”

“அவரைப் படுக்க வைக்கணும்.”

அவள் முகம் செத்துப்போனது. எனக்குப் பின்னால் மேஜையைப் பார்த்தாள், ஆரஞ்சு அடுக்கைப் பார்த்தாள். கூரையில் முதல் தூறல் விழுந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. நான் அடுக்கை இரண்டு கைகளாலும் எடுத்து அவள் கையில் வைத்தேன். தாடைவரை நிறைந்தது.

உள்ளறையிலிருந்து இவர் குரல் வந்தது.

“வாசல்ல யாரு?”

“அக்கா” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சின்னவ வந்திருக்கா என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இவருக்குப் பதில் சொன்னேன்.

“யாரும் இல்லீங்க. சட்டை வாங்க வந்தவங்க.”

அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, குளியலறை ஓட்டைக்குத் துணியும் கல்லும் தேடப் போனேன்.